தகப்பன் செய்த பாவம் பிள்ளையைச் சேருமா? – கேள்வி பதில்

கேள்வி: ஆதாம் செய்த பாவத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பதில்: ஆதாமின் பாவம் அவனை மட்டுமே கெடுத்தது என்ற கருத்து பெலாஜியஸ் என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஹிப்போ நகர ஆயராயிருந்த அகஸ்டின் அதை மறுத்து, மனித இயல்பே அந்த வீழ்ச்சியில் கெட்டுவிட்டது என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸ் தரப்பின் போதனையைக் கண்டித்தார்கள். இருந்தும் சபைகள் இன்றுவரை ஒரே குரலில் பேசவில்லை. ஆதாமிடமிருந்து பிறப்போடு வரும் இந்த ஜென்மப் பாவம் நாம் பெற்றுக்கொண்ட நிலையே தவிர நாம் செய்த குற்றம் அன்று என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் கூறுகிறது. சாவையும் சீர்கேட்டையுமே ஆதாமிடமிருந்து பெற்றோம், குற்றப்பொறுப்பை அன்று என்பது கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பொதுவான நிலை. லூத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையோ ஜென்மப் பாவத்தை மெய்யாகவே ஆக்கினைக்குரிய பாவம் என்கிறது. ஆயினும், நேற்று நீங்கள் சொன்ன பொய்யை ஆதாமின் கணக்கில் எழுத இவற்றுள் எந்தச் சபையும் இடங்கொடுக்காது.

கேள்வி: பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிப்பதாக யாத்திராகமம் 20:5 சொல்கிறதே?

பதில்: அரை வசனத்தின் மேல் உபதேசம் கட்டாதீர்கள். அந்த வசனம் ‘என்னைப் பகைக்கிறவர்களை’க் குறித்துப் பேசுகிறது, அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்கிறது. பிதாக்கள் புளித்த திராட்சக்காயைத் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்ற பழமொழி இஸ்ரவேலில் வழங்கியபோது, இனி அதைச் சொல்லவே கூடாது என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் தடுத்தது. நீதிமான், அவனுடைய துன்மார்க்கனான மகன், அந்த மகனைப் பார்த்தும் அவன் வழியில் நடவாத பேரன் என்று மூன்று தலைமுறையை நிறுத்தி, ஒருவன் அக்கிரமத்தை இன்னொருவன் சுமப்பதில்லை என்று அது தீர்ப்புக் கூறுகிறது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் தாத்தா, அப்பா, அண்ணன் மூவரும் குடிக்கு அடிமை. இது தலைமுறைச் சாபமா?

பதில்: குடிப்பழக்கம் வீட்டுச் சூழலாலும் பரம்பரை இயல்பாலும் தொடரக்கூடியது, அதற்குச் சாபம் என்று பெயரிட்டு, முறிப்பதற்குக் காணிக்கை கேட்கும் கூட்டங்களிடம் கவனமாயிருங்கள். உங்கள் அண்ணனுக்கு உடனே வேண்டியது சிகிச்சை. செபமும் உடன் நடக்கட்டும்.

கேள்வி: முன்னோர் செய்த பாவத்துக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

பதில்: தானியேல் 9இல் தானியேல் தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டதுபோல் சபையாகத் துக்கித்து அறிக்கையிடலாம். குற்றம் யாருடையது என்பதற்கு மேலே எசேக்கியேலைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் கேள்வி கேட்டவன் நான்தான். எரிகோவின் கொள்ளைப்பொருளைத் திருடிய ஆகானோடு அவன் பிள்ளைகளும் கல்லெறியப்பட்டார்களே? பத்சேபாள் காரியத்தில் தாவீது செய்த பாவத்துக்காக அவன் குழந்தை செத்ததே?

பதில்: கடினமான பகுதிகளே. கொள்ளைப்பொருள் கூடாரத்துக்குள் புதைத்திருந்ததால் வீட்டாருக்கும் உடந்தை இருந்தது என்பார்கள். யோசுவா 7 அப்படிச் சொல்லாததால் நான் அதில் சாய மாட்டேன். ஆனால் உபாகமம் 24:16 பிள்ளைகளுக்காகப் பிதாக்களையும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளையும் கொல்லத் தடைவிதிக்கிறது. தன் தகப்பனைக் கொன்றவர்களை அமத்சியா ராஜா தண்டித்தபோதும், அந்தக் கட்டளையின்படி அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டான். தாவீதின் வீட்டில் விளைவு குழந்தைமேல் விழுந்தது உண்மை. குற்றமோ தாவீதுடையதாகவே நின்றது, நாத்தான் தீர்க்கதரிசியும் அவனையே நோக்கி ‘நீயே அந்த மனுஷன்’ என்றான். விளைவு பரவுவது வேறு, குற்றம் கைமாறுவது வேறு.

கேள்வி: அப்படியானால் யாத்திராகமம் 20:5 பொய்யா?

பதில்: மேலே பதில் உள்ளது. அரை வசனம் வேண்டாம்.

கேள்வி: பிசாசு தூண்டிச் செய்த பாவம்?

பதில்: சர்ப்பம் வஞ்சித்தது என்று ஏவாள் சொன்னது உண்மைதான், தண்டனையிலிருந்து அது அவளைத் தப்புவிக்கவில்லை. அவனவன் தன் சொந்த இச்சையாலேயே சோதிக்கப்படுகிறான் என்னும் யாக்கோபு 1:14ஐயும் வாசியுங்கள்.

கேள்வி: மேலதிகாரி மிரட்டியதால் பொய்க்கணக்கு எழுதினேன். பாவம் என்னுடையதா, அவருடையதா?

பதில்: இருவருடையதும். கடவுளோடுள்ள உறவை முறிக்கும் சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்பது கத்தோலிக்கப் போதனை. மிரட்டல் உங்கள் சம்மதத்தைக் குறைத்திருக்கலாம், ஆனால் எழுதிய கை உங்களுடையது. எவ்வளவு குறைத்தது என்பதை உங்கள் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ நேரில் பேசுங்கள். அந்தக் கணக்கைத் திருத்தும் வழியையும் அப்போதே கேளுங்கள்.