மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது? கார்பன் பற்றிய கேள்வி பதில்

பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். கார்பனைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் சிலவும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: சார், எங்கள் வீட்டு முருங்கை மூன்றே வருடத்தில் மாடியைத் தொட்டுவிட்டது. அவ்வளவு கட்டையும் மண்ணிலிருந்து வந்தது என்றால் வேரடியில் பள்ளம் விழ வேண்டுமே?

பதில்: பள்ளம் விழவில்லை என்று கவனித்தீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த விஞ்ஞானி வான் ஹெல்மான்ட் இதை எடை போட்டே பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ். தண்ணீர்தான் மரமாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648-இல் இது அச்சில் வந்தது.

அவர் கணக்கில் விட்டுப்போனது காற்று. நன்றாகக் காய்ந்த விறகின் எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன். அது முழுக்க இலைத்துளை வழியே காற்றிலிருந்து வந்தது. காற்றில் 10,000 மூலக்கூறுக்கு நாலே நாலுதான் கார்பன் டை ஆக்சைடு. அந்த நாலைப் பொறுக்கித்தான் உங்கள் முருங்கை மாடி வரை ஏறியிருக்கிறது. விறகு எரிந்த பிறகு அடுப்பில் மிஞ்சும் சாம்பலைப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் மண்ணின் பங்கு. மண் தந்த நைட்ரஜன் மட்டும் புகையோடு போய்விடும்.

கேள்வி: அப்படியென்றால் மரம் வெளியே விடும் ஆக்சிஜன், அந்தக் கார்பன் டை ஆக்சைடில் இருந்து பிரிந்ததுதானே?

பதில்: இல்லை, தண்ணீரிலிருந்து. 1941-இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள், சாதாரண ஆக்சிஜனைவிடக் கனமான ஆக்சிஜன்-18 கொண்ட தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த ஆக்சிஜனிலும் அந்தக் கனம் இருந்தது.

கேள்வி: பூமியின் மேலோட்டில் சிலிக்கான் கொட்டிக் கிடக்கிறது. அதற்கும் நாலு பிணைப்பு உண்டு. உயிர் ஏன் கார்பனைப் பிடித்துக்கொண்டது? (பதினொன்றாம் வகுப்பு மாணவி)

பதில்: அருமையான கேள்வி அம்மா. இரண்டுக்கும் நாலு கைகள்தான். ஆனால் கார்பன் இன்னொரு கார்பனோடு கை கோர்த்தால் பிடி விடாது. நீளச் சங்கிலி, கிளை, வளையம் என்று எப்படியும் நிற்கும். சர்க்கரை, கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாமே அந்தச் சட்டத்தில் ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவற்றைக் கோத்துக் கட்டியவை. சிலிக்கானோ ஆக்சிஜனைக் கண்டால் தன் இனத்தை விட்டு அதனிடம் போய்விடும்.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. கார்பன் எரிந்தால் வாயு. தண்ணீரில் கரையும், இரத்தத்தில் பயணிக்கும், மூச்சில் வெளியேறும், இன்னொரு இலைக்குப் போய்ச் சேரும். சிலிக்கான் எரிந்தால் மணல். மணலை எப்படி மூச்சாக விடுவது?

கேள்வி: பத்து கிலோ எடை குறைத்தேன். கொழுப்பெல்லாம் வியர்வையாகப் போய்விட்டதா?

பதில்: பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகப் போகும். மீதி 1.6 கிலோ தண்ணீர். பயப்பட வேண்டாம், உங்கள் மூச்சால் பூமி சூடாகாது. நீங்கள் விடும் கார்பன் கொஞ்ச காலம் முன்பு காற்றில் இருந்து நெற்பயிர் எடுத்ததுதான்.

கேள்வி: ஐயா, நான் கொத்தனார். பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வருடம் ஆக ஆக இறுகுகிறதே, என்ன காரணம்?

பதில்: அண்ணே, கார்பன் சுழற்சி மொத்தமும் உங்கள் கரண்டியில் இருக்கிறது. கடலில் கரைந்த கார்பனை எடுத்துக் கிளிஞ்சல் தன் ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. அதைச் சூளையில் சுட்டால், 100 கிலோ ஓட்டில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசியதும், சூளையில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கத் தொடங்கும். வாங்க வாங்க மறுபடி கல்லாகும். மேலிருந்து உள்ளே போக வருடக்கணக்காகும், அதனால்தான் அந்த இறுக்கம்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? கொஞ்சம் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்கத் தெளிய விடுங்கள். மேல் நீரை மட்டும் ஒரு டம்ளரில் எடுத்து, உறிஞ்சு குழலால் மெல்ல ஊதுங்கள். பால் போல வெளுக்கும். அந்த வெண்மை உங்கள் மூச்சு கல்லானது. (உறிஞ்சிவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.) விடாமல் ஊதினால் வெண்மை கரைந்து நீர் மறுபடி தெளியும். கார்பன் டை ஆக்சைடு கூடக் கூடக் கடல் சிப்பிகளுக்கு வரும் ஆபத்தும் இதே வேதியியல்தான்.

கேள்வி: விறகும் கார்பன், நெய்வேலி நிலக்கரியும் கார்பன். ஒன்றை எரித்தால் பரவாயில்லை, இன்னொன்று கெடுதல் என்பது என்ன நியாயம்?

பதில்: எத்தனை காலம் பூட்டி வைத்த கார்பன் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. விறகின் கார்பன் சில பத்தாண்டுகள் முன் காற்றில் இருந்தது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்ந்தால் கணக்கு நேராகும். பழுப்பு நிலக்கரியில் இருப்பது பல லட்சம் தலைமுறைகளுக்கு முன் மண்ணில் புதைந்தது. இதற்குச் சாட்சி கார்பன்-14, அதாவது காலப்போக்கில் தானே சிதைந்து குறையும் ஒரு கார்பன் வகை. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5,730 வருடம், ஆகவே நிலக்கரியில் அது மிஞ்சவே மிஞ்சாது. நாம் நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்க எரிக்க, காற்றில் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போகிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதற்கு எரிமலைதான் காரணம் என்று வாதிடுபவர்களிடம் சொல்லுங்கள்: எரிமலைகள் வருடத்துக்கு விடுவது நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வேகம்தான் எனக்குக் கவலை.

கேள்வி: பூமி சூடாவதற்கு நெல் வயலும் காரணம் என்கிறார்களே? விவசாயி மேல் பழி போடுகிறார்களா சார்?

பதில்: பழி இல்லை, ஆனால் விஷயம் உண்மை. தண்ணீர் தேங்கினால் சேற்றுக்குள் ஆக்சிஜன் போகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளிலிருந்து மீத்தேன் என்ற, பூமியைச் சூடாக்கும் கார்பன் வாயுவை உண்டாக்கும். நெல்லின் தண்டே குழாயாகி அதை மேலே விடும். நம் பெரியவர்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சுவது, இங்கே கைகொடுக்கும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டு, நீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுங்கள். மீத்தேனும் குறையும், மோட்டார் ஓடும் நேரமும் குறையும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள்.