மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளின் பல்லும் வைட்டமின் டி-யும்: கேள்வி பதில்

நான் குழந்தைகள் பல் மருத்துவர். மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் “டி கொடுத்தால் பல் சரியாகிவிடுமா” என்பதுதான், அதிலேயே ஆரம்பிக்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர், மகளுக்கு 7 வயது. ஜேஐஏ (பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதம்) என்று சொல்லி மருந்து போகிறது. ரத்தத்தில் வைட்டமின் டி 14 தான் இருக்கிறது, பல்லிலும் மூன்று சொத்தை. டி குறைந்ததால்தான் சொத்தையா?

முதலில் ரிப்போர்ட்டில் அந்த 14-க்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். நானோகிராம் என்றால் குறைவு. பொதுவாக 20-க்குக் கீழே போனால் குறைவு என்றே எடுத்துக்கொள்கிறோம். நானோமோல் என்றால் அதே 14 மிக மிகக் குறைவு, ஏனென்றால் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டரை நானோமோல்.

சரி, சொத்தைக்கு வருவோம். சர்க்கரையும், பல்லில் படியும் கிருமிப்படலமும், அது சுத்தம் செய்யப்படாமல் இருக்கும் நேரமும் சேர்ந்துதான் சொத்தை வருகிறது. வைட்டமின் டி-க்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். 1920-களிலேயே மே மெலன்பி என்ற ஆய்வாளர் டி-க்கும் பல் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். ஆனால் உங்கள் மகள் மாதிரி பிள்ளைகளின் நாளை யோசித்துப் பாருங்கள். முட்டி வலிக்கிறது என்று வெளியே விளையாடப் போவதில்லை, அதனால் வெயில் படுவதில்லை, டி குறைகிறது. மணிக்கட்டு வலிக்கிறது என்று பிரஷைப் பேருக்குத் தேய்த்துவிட்டு வைத்துவிடுகிறாள், போதாததற்கு இனிப்பு சிரப் வேறு, அதுவும் படுக்கப் போகும் நேரத்தில். டி குறைவும் சொத்தையும் ஒரே பிள்ளையிடம் இருக்கிறது என்பதால் ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவந்தது என்று ஆகிவிடாது. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள்.

இப்போது டி கொடுத்தால் இருக்கும் பல் கெட்டிப்படுமா?

இல்லை. பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல், பல் ஈறுக்குள் உருவாகும்போதே முடிந்துவிடுகிற வேலை. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் எனாமல் பிறப்பிலிருந்து ஏறக்குறைய 3 வயதுக்குள் உருவாகிறது, ஞானப்பல் தவிர மற்ற பற்களுக்கும் 8 வயது வாக்கில் மேல்பகுதி தயாராகிவிடும். அதற்குப் பிறகு எனாமலைக் காப்பாற்றுவது ஃபுளோரைடு பேஸ்ட்தான். ஆனாலும் டி வேண்டும், எலும்புக்கு. பல்லைப் பிடித்து நிற்கும் தாடையும் எலும்புதானே.

தினமும் ஜன்னல் ஓரமாக வெயிலில் உட்காரவைக்கிறோம். அப்படியும் ஏறவில்லையே?

கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பயனில்லை. தோலில் டி உருவாகத் தேவையான யுவிபி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தோல் கருமையாக இருந்தால் வெளியே இருக்கவேண்டிய நேரமும் கூடும். ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுக்கும் பிள்ளைகளுக்குக் குடல் கால்சியத்தை உறிஞ்சுவதும் குறையும், எலும்பும் மெலியும். அதனால் அவர்களுக்கு டி அளவை மூட்டு டாக்டரான ருமட்டாலஜிஸ்ட் அவ்வப்போது பார்ப்பார், பார்க்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். இன்னொன்று, மூட்டுவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எடுக்கும் பிள்ளைக்கு வெயிலில் தோல் சட்டென்று சிவந்து எரியலாம், எனவே வெயிலை மட்டும் நம்பி இதைச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

சொட்டு மருந்து, மல்டிவைட்டமின், டி சேர்த்த கால்சியம் மாத்திரை மூன்றும் கொடுக்கிறேன். அதிகமானால் சிறுநீரில் போய்விடும்தானே?

போகாது, இது கொழுப்பில் கரைகிற வைட்டமின், உடம்பில் தங்கும். 1 முதல் 18 வயது வரை சாதாரணமாகத் தேவை நாளுக்கு 600 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் அலகு, லேபிளில் IU என்று இருக்கும்). மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தாண்டக்கூடாத வரம்பு 4 முதல் 8 வயதுக்கு 3000, 9 வயதிலிருந்து 4000. குறைபாட்டைச் சரிசெய்ய டாக்டர் இதைவிடப் பெரிய அளவு எழுதுவார். அது சில வாரங்களுக்கு, அப்புறம் மறுபடி ரத்தம் பார்த்து முடிவுசெய்வதற்கு. மூன்று பாட்டில்களின் லேபிளையும் எடுத்து டி எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கும்.

பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, பயந்து இரண்டு நாளாகத் தேய்க்கவே விடவில்லை.

இன்றைக்கே தேய்க்க ஆரம்பியுங்கள்! ஈறு ஓரத்தில் அழுக்குப் படலம் தங்கி வீங்கியதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது, தேய்க்காமல் விட்டால் இன்னும் வீங்கும். மென்மையான பிரஷ், ஈறு ஓரம் படும்படி, நாளுக்கு இரண்டு முறை. கை மூட்டில் வலி இருந்தால் பிரஷ் பிடியைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்துத் தடிமனாக்குங்கள் அல்லது எலக்ட்ரிக் பிரஷ் வாங்குங்கள். 12 வயதானாலும் சரி, கை வீங்கியிருக்கும் நாளில் நீங்களே தேய்த்துவிடுங்கள். துப்பினால் போதும், வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கவேண்டாம், ஃபுளோரைடு போய்விடும். ஒழுங்காகத் தேய்த்தும் இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்பே உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போன நீலம் தெரிந்தால் மூட்டு டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கியதிலிருந்து வாய்ப்புண். டி குறைவுதானே காரணம்?

மருந்தின் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம், இந்த மருந்துக்குத் தெரிந்த பக்கவிளைவு அது. ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, சொன்ன நாளில் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். இது வாரத்துக்கு ஒருமுறை மருந்து. தவறிப்போய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. தானாக நிறுத்தவும் வேண்டாம். காய்ச்சலோ, விழுங்க முடியாத அளவு புண்ணோ இருந்தால் அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

டி ஏறினால் மூட்டு மருந்தைக் குறைக்கலாம் என்று உறவினர் சொல்கிறார்.

வேண்டாம். மூட்டுவாதத்தை அடக்கும் மருந்துக்கு டி மாற்று இல்லை.

மகனுக்கு வாய் திறந்தால் தாடை ஒருபக்கம் கோணுகிறது, வலி எதுவும் இல்லை என்கிறான். கவலைப்பட வேண்டுமா, அம்மா?

காட்டவேண்டும், தள்ளிப்போடாமல். எல்லாரும் டி-யைப் பற்றியே கேட்கிறார்கள், இதைக் கேட்பவர்கள் குறைவு, எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டையும் இந்த நோய் தாக்கும், பல பிள்ளைகளுக்கு வலியே இல்லாமல். கீழ்த்தாடை வளரும் இடம் அந்த மூட்டின் மேற்பரப்பை ஒட்டியே இருப்பதால், அங்கே அழற்சி நீடித்தால் அந்தப் பக்கம் வளர்ச்சி பின்தங்கும். முகவாய் ஒருபக்கம் ஒதுங்கும், இரண்டு பக்கமும் என்றால் தாடையே சிறுத்துப் பின்வாங்கும், கடி பொருந்தாது. வீட்டில் கண்ணாடி முன் நிறுத்தி மெதுவாக வாயைத் திறக்கச் சொல்லுங்கள்: நேராக இறங்குகிறதா, அவனுடைய மூன்று விரல்கள் அடுக்கி நுழைகிறதா, கடினமானதை ஒரே பக்கமாக மெல்கிறானா. சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்ப அழற்சி தெரியாது, மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐதான் தெளிவாகக் காட்டும். ருமட்டாலஜிஸ்ட்டும் பல் சீரமைப்பு மருத்துவரும் சேர்ந்து பார்க்கவேண்டிய விஷயம் இது, சாதாரணக் கோணல் பல் என்று நினைத்து நேரே கிளிப் போடப் போய்விடாதீர்கள்.

மூட்டுவாதத்துக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பயாலஜிக் ஊசி போடுகிறோம். பல் பிடுங்கலாமா?

பிடுங்கலாம், ஊசியின் தேதியை இரண்டு டாக்டர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. இந்த மருந்துகளில் சீழ் பிடித்தாலும் காய்ச்சல், வீக்கம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். வலிக்கு நாங்கள் எழுதும் ஐபுப்ரோஃபென், மூட்டுக்கு ஏற்கெனவே கொடுக்கும் நாப்ரோக்ஸென் மாதிரி மருந்தோடு சேரக்கூடாது, அதனால் மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுவாருங்கள்.

மகள் டி-யை கம்மி (gummy) என்கிற ஜெல்லி மிட்டாய் வடிவில் மட்டும்தான் சாப்பிடுகிறாள்.

பல்லில் ஒட்டும் சர்க்கரை அது. சொட்டு மருந்துக்கு மாற்றப் பாருங்கள், சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உறிஞ்சும். கம்மியைத் தவிர வழியே இல்லை என்றால் சாப்பாட்டு நேரத்திலேயே கொடுங்கள், இரவு பல் தேய்த்த பிறகு மட்டும் கண்ணில் காட்டாதீர்கள்.