வான்கோழி வரைவது அலுத்துவிட்டதென்றால்

உள்ளங்கைத் தடத்தில் வான்கோழி வரைவது ஏழு வயது மகளுக்கு அலுத்துவிட்டது, தேங்க்ஸ்கிவிங் (வான்கோழி விருந்து வைக்கும் அமெரிக்க நன்றித் திருநாள்) வாரத்தில் வீட்டில் வேறு என்ன கற்பிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அலுக்காமல் என்ன செய்யும்!

அறிவியலுக்கு, இன்னும் பச்சையாக இருக்கும் மேப்பிள் மர இலைகளைப் பொடியாகக் கிழித்து, ஒரு குவளையில் ரப்பிங் ஆல்கஹால் (மருந்துக்கடையில் கிடைக்கும், குடிக்கக் கூடாத ஆல்கஹால்) ஊற்றி நசுக்கி, அந்தக் குவளையை வெந்நீர்ப் பாத்திரத்தில் அரை மணி நேரம் வையுங்கள். அடுப்பருகே வேண்டாம், சட்டென்று தீப்பற்றும். காபி வடிதாள் துண்டின் நுனியை அதில் தோய்த்து நிறுத்தினால், நிறம் மெல்ல ஏறிப் பச்சையும் மஞ்சளும் பிரியும். அந்த மஞ்சள் கோடையிலும் இலைக்குள் இருந்ததுதான். பச்சையம் சிதைந்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறது.

வரலாற்றுக்கு, முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லப்படும் 1621 விருந்தைப் பற்றி, அது நடந்த பிளிமத் என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்தில் வாழ்ந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் போதும். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசாய்ட்டுடன் சுமார் 90 ஆண்கள், மூன்று நாள் விருந்து, அவர்கள் வேட்டையாடித் தந்த ஐந்து மான்கள். இன்றைய தேங்க்ஸ்கிவிங் இனிப்பான பூசணிப் பை (pie) அந்தக் கடிதத்தில் எங்கே என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது.