லென்ஸ்ல வேர்க்குதா? இந்த தடவை வந்த கேள்விங்க

கே: மகாபலிபுரத்துல ரூம் போட்டு சன்ரைஸ் எடுக்க போனேன், வெளிய வந்ததும் லென்ஸ் முழுக்க வெள்ளையா மூடிடுச்சு. லென்ஸ் ஃபால்ட்டா?

ப: ஃபால்ட் ஏசில. ராத்திரி பூரா 20ல ஓட விட்டிருப்பீங்க. கடலோரத்துல விடிகாலைலயே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும், அந்த காத்து 24க்கு கீழ இருக்கற எதுமேல பட்டாலும் தண்ணியாயிடும். கதவை திறக்கறதுக்கு முன்னாடி, ரூமுக்குள்ளயே கேமராவ ஜிப் கவர்ல போட்டு காத்த அமுக்கி எடுத்துட்டு மூடுங்க. வெளிய வந்து அரை மணி நேரம், தூரத்துல இருக்கறத எடுக்கற பெரிய டெலி லென்ஸ்னா ஒரு மணி நேரம் பிரிக்காதீங்க. தண்ணி கவர் மேல படியட்டும்.

கே: என்னோடது வெதர் சீல்டு பாடி (மழை, தூசி உள்ள போகாம அடைப்பு வெச்ச கேமரா), எனக்கும் இதெல்லாம் வேணுமா?

ப: வேணும். அந்த அடைப்பு மழைத்துளிய தடுக்கும், காத்த தடுக்காது. ஜூம் ரிங்க திருப்பும்போதெல்லாம் லென்ஸ் மூச்சு விடுது, ஈரக்காத்து உள்ள போகுது. ரூம்லயே கவர்ல போடுங்க.

கே: உள்ள பனி மாதிரி தெரிஞ்சுது, லென்ஸ கழட்டி துடைச்சேன், இப்ப படத்துல புள்ளி புள்ளியா வருது, என்ன பண்ண?

ப: எதால துடைச்சீங்க, எத துடைச்சீங்கன்னு எழுதணும்னு தோணலையா? சட்டை நுனியால சென்சார (கேமராக்குள்ள படம் பதியற சில்லு) துடைச்சிருந்தா சர்வீஸ் சென்டர் போங்க, வேற வழி இல்ல. பனி படிஞ்சிருக்கும்போது லென்ஸ கழட்டவே கூடாது, கழட்டினா அதே ஈரக்காத்து சென்சார் மேலயும் போய் உக்காரும். ஆஃப் பண்ணி பேட்டரிய எடுத்துட்டு சும்மா வெச்சிருங்க, தானா போயிடும்.

கே: ஹேர் டிரையர் காட்டலாமா?

ப: வேணாம். ஃபேன் போதும்.

கே: கேமராவ அரிசி டப்பால வெச்சா ஈரத்த இழுத்துடும்னு யூடியூப்ல பாத்தேன், வீட்ல பத்து கிலோ அரிசி இருக்கு.

ப: அந்த பத்து கிலோவ சோறாக்குங்க. மாசம் ஒருத்தராவது இத கேக்கறாங்க, நானும் சொல்லி சொல்லி ஓஞ்சு போயிட்டேன். கடைல வாங்கற அரிசிலயே 12, 13 சதவீதம் ஈரம் இருக்கு, அது நம்ம ஊர் காத்தோட ஏற்கனவே ஒத்துப்போய் உக்காந்திருக்கற பொருள், இன்னும் எதை இழுக்கும்? அந்த டப்பாக்குள்ள ஒரு ஹைக்ரோமீட்டர (ஈரப்பதம் காட்டற மீட்டர்) போட்டு பாருங்க, 60, 65 சதவீதம்னு காட்டும், லென்ஸ்ல ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, வளர ஆரம்பிக்கற அளவே அதுதான். இதுல அரிசி மாவு ஃபோகஸ் ரிங் இடுக்குல போகும், வண்டு வேற. லட்ச ரூபா லென்ஸ வெச்சிருக்கறவங்க ஈரத்த உறிஞ்சற சிலிகா ஜெல் மணி ஒரு கிலோ வாங்க யோசிக்கறாங்க! ரப்பர் வளையம் வெச்ச மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ ஆரஞ்சு சிலிகா ஜெல், ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், எல்லாம் சேத்தே ஆயிரம் ரூபா பக்கம்தான் ஆகும். முள்ளு 40லருந்து 50க்குள்ள நிக்கணும். ரொம்ப காய விட்டு 30க்கு கீழ போனா ரப்பருக்கும் கிரீஸுக்கும் ஆகாது. அப்புறம் அந்த லெதர் பை, பஞ்சு வெச்ச கேமரா பேக், இதுக்குள்ள போட்டு பீரோல பூட்டறதும் அரிசிக்கு அண்ணன்தான், துணி ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும்.

கே: கல்யாண மண்டபம் ஏசி, சாப்பாட்டு பந்தி வெளில. மாத்தி மாத்தி ஓடணும், அரை மணி யார் காத்திருப்பா?

ப: ரெண்டு பாடி. ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. ஒண்ணுதான் இருக்குன்னா வெளிய எடுக்கறத எல்லாம் முதல்ல முடிச்சுட்டு உள்ள போங்க, சூடான கேமரா குளிருக்குள்ள போறதுல பிரச்சனை இல்ல.

கே: கொல்லிமலைல ராத்திரி நட்சத்திரம் எடுத்தேன். ஏசியே இல்ல, ஆனாலும் ஒரு மணி நேரத்துல லென்ஸோட முன்கண்ணாடி நனைஞ்சிடுச்சு.

ப: திறந்த வானத்த பாத்துக்கிட்டு இருக்கற கண்ணாடி தன் சூட்ட மேல விட்டு விட்டு சுத்தி இருக்கற காத்த விட சில்லுன்னு ஆயிடும், அதான் பனி பிடிக்குது. துடைச்சா அஞ்சு நிமிஷத்துல திரும்ப வரும். பவர் பேங்க்ல ஓடற, லேசா சூடாகற டியூ ஹீட்டர் பட்டைய லென்ஸ் நுனில சுத்துங்க, லோல வெச்சாலே போதும். திரும்பி ரூமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியும் கவர்தான், வெளியவே போட்டு மூடிட்டு வாங்க.

கே: சிலிகா ஜெல் பச்சையாயிடுச்சு, தூக்கி போடணுமா?

ப: வேணாம், ஈரம் குடிச்சு நிறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஓவன்ல 120 டிகிரி, ரெண்டு மணி நேரம். திரும்ப ஆரஞ்சாயிடும். நீலக் கலர் ரகம்னா அதுல கோபால்ட் இருக்கு, சமைக்கற பாத்திரத்துல வறுக்காதீங்க.