‘தயார்’ என்று அடித்தால் மெயில் போக வேண்டும்

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். ஆர்டர்களை கூகுள் ஷீட்டில் பதிகிறோம். ‘நிலை’ என்ற கட்டத்தில் ‘தயார்’ என்று அடித்ததும் வாடிக்கையாளருக்கு மெயில் போக வேண்டும். ஷீட்டுக்குள்ளேயே நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ‘ஆன்எடிட்’ (onEdit) என்ற பெயரில் நான்கு வரி நிரல் எழுதினேன். ஷீட்டில் அடித்தால் மெயில் போகவில்லை. எடிட்டரில் ‘ரன்’ கொடுத்தால் பிழை வருகிறது. எங்கே தப்பு?
– வாசகர், ஈரோடு

பதில்: வரிகளை விடுங்கள், சிக்கல் பெயரில் இருக்கிறது. ‘ஆன்எடிட்’ என்று பெயர் வைத்தாலே கூகுள் அதைத் தானாக ஓட்டும், உங்களிடம் அனுமதி கேட்காமல். அனுமதி வாங்காத ஒன்றை உங்கள் பெயரில் மெயில் அனுப்ப விடுமா? கட்டத்தின் நிறத்தை மாற்றலாம், பக்கத்தில் தேதி போடலாம், அவ்வளவுதான்.

அதனால் முதலில் பெயரை மாற்றுங்கள். பிறகு எடிட்டரின் இடது ஓரத்துக் கடிகாரப் படத்தை அழுத்திப் புது ட்ரிகர் (ஸ்கிரிப்டை எப்போது ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஏற்பாடு) சேர்த்து, ‘ஆன் எடிட்’ நிகழ்வைத் தேர்ந்தெடுங்கள். இப்போது அனுமதி கேட்கும். பழைய பெயரை அப்படியே விட்டால் ஒரே வேலை இரண்டு முறை ஓடும். ட்ரிகரை யார் வைக்கிறார்களோ அவர் கணக்கிலிருந்துதான் மெயில் போகும். கடைப் பையனின் ஜிமெயிலில் உட்கார்ந்து வைத்துவிடாதீர்கள்!

‘ரன்’ கொடுத்தால் வரும் பிழை தனி. எந்தக் கட்டம் மாறியது என்ற விவரம், ஷீட்டில் ஆள் அடிக்கும்போதுதான் ஸ்கிரிப்டுக்கு வரும். எடிட்டரிலிருந்து ஓட்டினால் அது வெறுங்கையோடு நிற்கிறது. ஷீட்டில் அடித்துத்தான் சோதிக்க வேண்டும். பத்து வரிகளுக்கு ‘தயார்’ என்று ஒரே இழுப்பில் இழுத்தாலும் புது மதிப்பு தனியாக வராது; கட்டங்களை நீங்களே படித்துக்கொள்ள வேண்டும். ஃபார்முலாவால் மாறும் கட்டத்துக்கோ ட்ரிகர் அசையவே அசையாது.

இன்னொன்று, பட்டுத் தெரிந்துகொண்டது. சாயப் பொருள் கடையில் கணக்கெழுதிய நாட்களில் பாக்கி நினைவூட்டலுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நடுவில் பிழை வந்து நின்றது. திருத்தித் திருத்தி மறுபடி ஓட்டினேன். முதல் வரியில் இருந்தவருக்கு மட்டும் அன்று நான்கு மெயில். போனில் கூப்பிட்டு, “ஏம்மா, நான் என்ன ஊரை விட்டா ஓடிட்டேன்?” என்றார். அன்று முதல் ஒவ்வொரு மெயிலும் போன கையோடு பக்கத்துக் கட்டத்தில் ‘அனுப்பியாச்சு’ என்று எழுதவைக்கிறேன். அனுப்பும் முன் அந்தக் கட்டம் காலியா என்று ஸ்கிரிப்ட் பார்க்கும். நீங்களும் அதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். இலவச ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்பலாம். அச்சகத்துக்கு அது தாராளம்.

கேள்வி: தினமும் காலை 9 மணிக்கு என்று வைத்த ட்ரிகர் 9.37க்கு ஓடுகிறது. கோளாறா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை. 9 என்றால் கூகுளுக்கு 9க்கும் 10க்கும் நடுவே ஏதோ ஒரு நேரம். 9 மணிக்குள் வேலை முடிய வேண்டுமா, 8 என்று வையுங்கள். மணிக்கணக்கில் தள்ளி ஓடினால்தான் ஸ்கிரிப்ட் அமைப்பில் நேர மண்டலத்தைப் பார்க்க வேண்டும். ஷீட்டின் அமைப்பில் இருப்பது வேறு, இது வேறு.