டீச்சர் எங்கே போவார்? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகன் திருமங்கலம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தலைமை ஆசிரியர் உட்பட நான்கு பேரும் பெண்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக ஒரு வாத்தியார்கூட இல்லாதது சரியா? கண்டிப்பும் குறைகிறது. சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம், பாதுகாப்பான வேலை என்று பெண்களே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் ஆண்களுக்கு ஒதுக்கீடு வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினேன். யாரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.ம.

அன்புள்ள தம்பி,

பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்ததோடு விடாமல், குழுவில் எழுந்து பேசவும் செய்கிற அப்பாக்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதனால்தான் உங்களிடம் கோபத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

எட்டு வயதுப் பிள்ளைக்குக் கண்டிப்பு மீசையிலிருந்து வருவதில்லை. முன்மாதிரியாக ஓர் ஆண் வேண்டுமென்றால் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். இந்த இரண்டையும் இத்தோடு விட்டுவிடுவோம்.

ஒதுக்கீடு கேட்பதற்கு முன்னால் சம்பளத்தைப் பாருங்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவரைத்தான் இடைநிலை ஆசிரியர் என்கிறார்கள். 2009 மே 31 வரை வேலைக்குச் சேர்ந்தவருக்கு அன்று வைத்த அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே புத்தகம். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் சென்னையில் எத்தனை முறை பட்டினி கிடந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். தனியார் நர்சரி பள்ளிகளின் நிலை இன்னும் மோசம். அந்தச் சம்பளத்துக்கு எந்த ஆணும் குடும்பம் நடத்த முடியாது, அதனால் அங்கே பெண்களை மட்டும் பார்க்கிறீர்கள். 2024-25 கணக்குப்படி இந்தியாவின் பள்ளி ஆசிரியர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். எல்லா வகுப்புகளையும் சேர்த்து அவர்களில் 54.2 சதவீதம் பெண்கள். தொடக்க வகுப்புகளில் இந்தப் பங்கு இன்னும் கூடுதல் என்பதை நம் ஊர்ப் பள்ளி எதற்குள் போனாலும் பார்க்கலாம். பிடித்துக்கொண்டார்கள் என்கிறீர்கள். குறைந்த கூலிக்கு ஆள் தேவைப்பட்ட இடத்தில் அவர்களை நிறுத்தினோம் என்று நான் சொல்வேன்.

‘பாதுகாப்பான வேலை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

1987-ல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் கொண்டுவந்தது. ஓராசிரியர் பள்ளிக்கு இரண்டாவதாக ஓர் ஆசிரியர், முடிந்தவரை அவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். பொம்பளை டீச்சர் இருந்தால் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு பலித்ததை நான் கண்ணால் பார்த்தேன். உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவில் ஒரு கிராமத்துக்கு இரண்டாவது டீச்சராகப் போனவர் என் சித்தி. வீடு வீடாகப் போய், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். “டீச்சரம்மா இருக்குல்ல, போ” என்று பாட்டிகளே அனுப்பினார்கள்.

அந்த டீச்சரம்மா காலையில் மதுரை அரசரடியில் வீட்டை விட்டுக் கிளம்பினால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, இறங்கியபின் கண்மாய்க் கரையோடு நடை. பள்ளியில் கழிப்பறை கிடையாது. ஊர்ப் பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும்தான் ஒதுங்குவார்கள். உடன் வேலை பார்த்த சார் கருவேலங்காட்டுப் பக்கம் போய்விட்டு வந்துவிடுவார். சித்தி எங்கே போவார்? தண்ணீர் குடிக்காமல் இருந்தார், அவ்வளவுதான். பங்குனி, சித்திரை வெயிலில் தொண்டை வறளப் பாடம் நடத்திவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொம்பைக் கேட்பார். நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சல் வந்தது, ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது. “நாள் பூராத் தண்ணி குடிக்காம அப்படி என்ன வேலை?” என்று டாக்டர் சித்தியைத்தான் திட்டினார். சித்தி பதில் சொல்லாமல் சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு அந்த டாக்டர்மேல் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் என்று எல்லாம் இருக்கிறது. ஆசிரியருக்குக் கழிப்பறை என்று ஒரு வரி இல்லை. பிள்ளைகளுடையதைத்தான் பூட்டித் திறந்து பயன்படுத்துகிறார்கள், அதுவும் தண்ணீர் வந்தால். மாதவிலக்கு நாளில் காலையிலிருந்து மாலை வரை ஒரே துணியோடு முப்பது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் டீச்சர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். நல்லது, மனமாரப் பாராட்டுகிறேன். அந்த விடுப்பு தொடங்கும்வரை நிறைமாத வயிற்றோடு அவர் எங்கே போவார் என்று யார் கேட்டார்கள்?

நம் மதுரை நெல்பேட்டைப் பள்ளியில்தான் 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை ஒப்புக்கொள்ள இவ்வளவு காலமானது. பாடம் நடத்துபவருக்கும் உடம்பு இருக்கிறது, தம்பி. அதை ஒப்புக்கொள்ள இன்னும் எவ்வளவு காலம்?

கண்டிப்பு குறைகிறது என்று உங்களுக்குத் தோன்றும் அந்த மூன்று மணிக்கு, உங்கள் மகனின் டீச்சர் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று யோசித்தீர்களா?

சரி, நீங்கள் குழுவில் இருக்கிறீர்கள். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் அவர்களை முதலில் பேசவிடுங்கள். டீச்சர்களுக்குத் தனிக் கழிப்பறை, குழாயில் தண்ணீர், உள்ளே தாழ்ப்பாள், ஒரு குப்பைக்கூடை: இதைத் தீர்மானமாகப் போட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள், நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நானும் உங்களோடு வருகிறேன்.

மகனுக்கு என் அன்பு.

அக்கா