எச்.எம்.எஸ். திருகோணமலை என்ற பிரித்தானியக் கடற்படைப் பாய்க்கப்பல் எங்கே கட்டப்பட்டது?

திருகோணமலையில் இல்லை, பம்பாயில். உங்கள் மட்டக்களப்புக் கண்காட்சிப் பலகையில் "1817, திருகோணமலையில் கட்டிய பாய்க்கப்பல்" என்பதை மாற்றிவிடுங்கள். பம்பாயில் கப்பல் கட்டிவந்த வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டியது அது. கப்பலின் அடிமரத்தில் வெள்ளி ஆணி அறைந்துதான் வேலையைத் தொடங்கினார்கள். அந்த ஆணியையும் பலகையில் சேருங்கள், பிள்ளைகள் நின்று வாசிப்பார்கள்.

நீங்கள் பார்த்த குறிப்பில், பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன்னால் வரும் 'எச்.எம்.எஸ்.' விடுபட்டிருக்கும், அதனால் ஊராகத் தெரிந்திருக்கும். பெயருக்குப் பக்கத்தில் பீரங்கியோ கப்டனோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெரும்பாலும் கப்பல்தான்.

பத்தாவியா என்ற பெயரிலும் இதே குழப்பம் வரும். 1629இல் மேற்கு அவுஸ்திரேலியக் கரையோரம் உடைந்தது கப்பல். நம் கோட்டையை ஆண்ட ஒல்லாந்தரின் தலைமையகம் இருந்த பத்தாவியா இன்றைய ஜகார்த்தா.

ஒன்று கவனம்: திருகோணமலைக் கப்பலை 20ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் 'ஃபூட்ராயண்ட்' என்றே அழைத்தார்கள். 1992இல்தான் பழைய பெயர் திரும்பியது. அந்தப் பெயரிலும் தேடுங்கள்.